போக்ஸ் கம்பிக்கும் வால்டியூபுக்கும் ஒரு நன்றி மடல்

விமானக் கூடத்துக்காகச் சேற்றில் இறங்கிய எல்லாருக்கும்,

வணக்கம். மார்கழி முதல் நாள் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கூடத்தில் பார்வைக்கு நிற்கும் பழைய பயிற்சி விமானம் தப்பிவிட்டது. நேற்று அதன் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம், பொட்டு ஈரம் இல்லை. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம்.

சேறு ஈரமாக இருக்கும்போதே வாளி வாளியாக அள்ளிய கல்லூரிப் பிள்ளைகளே, உங்கள் அவசரம் சரியான அவசரம். தாமிரபரணி வண்டல் காய்ந்தால் அலுமினியத் தகட்டோடு அப்பிக்கொள்ளும். மேலே காய்ந்து கிடக்க, அடியில் ஈரம் தேங்கித் தகட்டை அரிக்கும். வாட்டர் சர்வீஸ் மெஷினைத் தூக்கி வந்த தம்பிக்கு, வேண்டாம் என்றதும் கோபப்படாமல் சாதா ஹோஸைப் பிடித்ததற்கு நன்றி. அழுத்தமாக அடித்தால் சேறு தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி வரிசைக்குள் புகுந்துவிடும், பிறகு எடுக்க வழியே கிடையாது. விமானம் பறந்த கணக்கை எழுதிய லாக் புத்தகங்கள் நனைந்திருந்தன. அவற்றை 48 மணி நேரத்துக்குள் உறைய வைக்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஊரே இருட்டில் கிடந்தபோது ஜெனரேட்டர் ஓட்டி, ஐஸ்கிரீம் கிடங்கில் இரண்டு தட்டுகளைக் காலி செய்து கொடுத்தவரால்தான் அவை மிஞ்சின. கடைசி அலசலுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் அதைக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. ஒன்பதாம் நாள், கேட்காமலே கேன்களை இறக்கிவிட்டுப் போனார்கள். தண்ணீர் புகுந்த விமானத்தின் பழைய டயல்களைத் திறக்க ஸ்குரூடிரைவரோடு வந்தவர்கள், தடுத்ததும் கையை எடுத்தார்கள். அந்தக் காலத்து முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிரப் பூசியது ரேடியம். ஒளி மங்கிப் போயிருக்கும், கதிர்வீச்சு மங்கியிருக்காது. அவற்றை அப்படியே பையில் இட்டு மூடி, தனியே வைத்திருக்கிறோம்.

இனி சைக்கிள் கடை அண்ணாச்சி.

அவர் உதவிக்கு என்று வரவில்லை. அக்கா மகன் கொடுத்திருந்த பம்ப்செட்டைத் திரும்ப வாங்கிப் போக வந்தவர், இறக்கைக்கு அடியில் நின்று விரல் முட்டியால் தட்டினார். நாலு இடத்தில் டங் டங் என்றது, ஐந்தாவது இடத்தில் பொத்தென்று அமுங்கியது. "இதுக்குள்ள தண்ணி கெடக்குல்லா சார், ஒழுக வழி எங்க?" என்றார்.

வழி இருந்தது, அடைந்திருந்தது. விமானத்தின் உடலும் இறக்கையும் உள்ளே அறை அறையாகத் தடுக்கப்பட்டவை. ஒவ்வோர் அறையின் தாழ்ந்த இடத்திலும் சுண்டுவிரல் நுழையாத ஒரு வடிதுளை, 6 முதல் 10 மி.மீ. வரை. மொத்தம் 31 துளைகளில் 24 சேற்றால் அடைபட்டவை. மற்ற ஏழும் வெள்ளத்துக்கு முன்பே போயிருந்தன: பளபளப்புக்காக மேலும் மேலும் அடித்த எனாமல் பெயிண்ட் மூடியிருந்தது. அடிக்கச் சொன்னது நாங்கள்தான்.

கம்பியை விட்டுக் குத்த எங்களுக்குப் பயம். இந்தத் தகடு நூற்றுக்கு நாலு பங்கு செம்பு கலந்த டியூரலுமின். பலம் உண்டு, அரிப்பும் சீக்கிரம் பிடிக்கும். அதனால்தான் இருபுறமும் சுத்த அலுமினியத்தில் ஒரு தோல் போர்த்தியிருப்பார்கள். ஒரு மி.மீ. தகட்டில் அந்தத் தோல் 0.05 மி.மீ. அளவுதான். இரும்பு முனை கீறினால் அந்த இடத்திலிருந்து பொரிந்து வெள்ளைப் பொடியாக உதிரும். இதை நாங்கள் விளக்கி முடிப்பதற்குள் அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஒரு வால்டியூபை, சைக்கிள் டியூபின் வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயை, எடுத்தார். எச்சிலால் நனைத்து, சைக்கிள் சக்கரத்தின் 2 மி.மீ. போக்ஸ் கம்பி முனையில் ஓர் அங்குலம் ஏற்றினார். கம்பி நுனி ரப்பருக்குள் ஒளிந்துகொண்டது. குத்தாமல், உருட்டி உருட்டி உள்ளே விட்டார். முதலில் ஒரு சேற்றுக் கட்டி, பிறகு டீத் தண்ணீர் நிறத்தில் ஒழுக்கு. வால் பகுதியிலிருந்து மட்டும் ஒன்றரை பெயிண்ட் வாளி வந்தது. வால் தாழ்ந்து நிற்கிற விமானம், தண்ணீர் எல்லாம் அங்கேதான் போய்க் கிடந்தது. அதன் பிறகுதான் டேபிள் ஃபேன்களை வைத்துக் காற்றோட்டம் விட முடிந்தது. துளை திறக்காமல் எத்தனை ஃபேன் சுழன்றும் பயனில்லை.

அவர் கடையிலும் இடுப்பளவு சேறு. ரிம்களைக்கூடக் கழுவாமல் இங்கே மூன்று நாள் நின்றார்.

அந்த மார்கழி முதல் நாள், டிசம்பர் 17, எங்கள் கூடத்துக்கு விசேஷ நாள். 1903இல் அதே நாளில்தான் ரைட் சகோதரர்களின் விமானம் 12 விநாடியில் 120 அடி பறந்தது. அதன் 120ஆம் ஆண்டுக்குக் கட்டிய தோரணம் இன்னும் சேறு அப்பித்தான் தொங்குகிறது. அவர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தான். அந்த விமானமும் வெள்ளத்தில் கிடந்ததுதான்: 1913 மார்ச்சில் அமெரிக்காவில் அவர்களுடைய டேட்டன் ஊர் மூழ்கியபோது பெட்டியோடு 11 நாள் தண்ணீரிலும் சேற்றிலும் இருந்தது. முதல் பறப்பைப் பிடித்த கண்ணாடி நெகட்டிவின் மூலையும் அப்போதுதான் உரிந்தது. சுவரில் இருந்த அந்த விமானத்தின் வரைபடத்தை அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிக்கும் போவது செயின்தான். விசிறிகள் எதிரெதிராகச் சுற்ற வேண்டும் என்று ஒரு செயினை எட்டுப் போல முறுக்கிப் போட்டிருப்பார்கள். "செயின் கழண்டா என்ன பண்ணுவாவ?" என்றார். அதைக் கேட்ட முதல் பார்வையாளர் அவர்தான்.

இனி ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும், மழைக்கு முன்னால், 31 துளைகளையும் திறந்து பார்ப்போம். துளையைச் சுற்றி ஓர் அங்குலத்துக்குத் தூரிகை போகாது. வால்டியூப் ரப்பர் ஓராண்டில் வெடிப்பு விட்டுவிடும், புதிது வேண்டும். அதை அண்ணாச்சி கடையில்தான் வாங்குவோம், இந்த முறை அவர் காசு வாங்கியே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
விமானக் கூடத் தன்னார்வலர்கள்