அந்த நாலு பக்கத்தில் என்னதான் எழுதியிருந்தது?

இரவு ஏழரை மணித் தொடரின் தயாரிப்பாளர், இயக்குநர், கதை வசனம் எழுதியவர், சேனலின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஆகியோருக்கு,

ஐயா, அம்மா, வணக்கம்.

பொருள்: தொடரில் பெரியவர் எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தின் விவரத்தைத் தெரிவிக்கக் கோருதல் தொடர்பாக.

பொருள் போட்டு எழுதுவது பழக்கதோஷம், மன்னிக்கவும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் என்பதால் அன்று காலை எட்டு மணிக்கே கடை வாசலில் ஆள் நிற்கும். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, வாய்க்காலை வளைத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் என்று ஊரார் குறையெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். எனக்கென்று ஒரு மனு அடித்ததே இல்லை. உங்கள் புண்ணியத்தில் அதுவும் நடந்துவிட்டது.

எந்தத் தொடர், எந்தக் கடிதம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாலு வருடம் அந்தக் கடிதத்தை வைத்துத்தானே ஓட்டினீர்கள்? பெட்டியில் இருந்தது, திருடு போனது, பாதி எரிந்தது, எரிந்தது வேறு கடிதம் என்று தெரிந்தது, கடைசியில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து முழுசாக வந்தது. முதல் பாகம் நிறைவு என்று ஒரு மணி நேரம் ஒளிபரப்பினீர்கள். அதன் கடைசி நாலு நிமிடத்தில் மூத்தவள் கடிதத்தைப் பிரித்தாள், படித்தாள், அழுதாள், சிரித்தாள், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. வயலின் மட்டும் வாசித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் நன்றி வணக்கம்.

பார்த்தவர்களுக்கே வயிறு எரிந்தது. எங்கள் வீட்டில் தொடரைப் பார்ப்பவர் இல்லை, கேட்பவர் இருக்கிறார்.

என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, 74 வயது. கிளாக்கோமா. கண் பிரஷர் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. ஒருநாள் அடுப்பிலிருந்த பாலைத் தட்டிவிட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். காப்பாற்றும் அளவுக்கு எதுவும் மிச்சம் இல்லை.

ஆனால் காது இருக்கிறதே, அது வேறு. ஏழரை மணிக்கு முறத்தில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கொட்டிக்கொண்டு உட்காருவார். உரித்துக்கொண்டே கேட்பார். இடி மூணு தடவை இடித்தால் யாரோ மூணு கோணத்தில் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். சின்ன மருமகள் உள்ளே வருமுன்பே அவளுக்கென்று நீங்கள் வைத்த உறுமல் சத்தத்தைக் கேட்டு, "வந்துட்டா பாரு சண்டாளி" என்பார். வசனம் இல்லாத இடத்தில் மட்டும் முறத்தில் கை நிற்கும். அதுதான் எனக்கு சிக்னல். நான் சொல்ல வேண்டும். "மாடிப்படி ஏறுறா அத்தை. கையில தட்டு. தட்டுல பால்."

நாலு வருடம் இந்த வேலையைச் செய்தேன், சம்பளம் இல்லாமல். மாமியார் மருமகளுக்குப் பாலில் விஷம் கலக்கும் காட்சியை எங்கள் வீட்டில் மருமகள் மாமியாருக்கு விவரித்தேன். சொல்லிக்கொண்டே அவருக்குப் பால் ஆற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றார்.

சரி, அந்தக் கடைசி நாலு நிமிடத்துக்கு வருகிறேன்.

காகிதம் பிரியும் சத்தம் கேட்டதும் அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "பிரிக்கிறா," என்றேன். "படிக்கிறா." "ம்." "கண்ணுல தண்ணி." "ம், என்னா எழுதியிருக்கு?" "தெரியல அத்தை, மனசுக்குள்ள படிக்கிறா." "எழுத்து தெரியுதா பாரு." டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். காகிதத்தின் பின்பக்கம்தான் தெரிகிறது. ஜன்னல் வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கிறது, அந்தப் பக்கம் எழுத்து இருந்தால் நிழலாவது விழ வேண்டும். விழவில்லை. ஐயா, நான் நாள் முழுக்கத் தாளோடு புழங்குகிறவள். அது வெறும் ஏ4 தாள், ஜெராக்ஸ் மெஷினில் போடுகிற அதே வெள்ளைத் தாள். கதைப்படி பெரியவர் அதை எழுதி இருபது வருடம். அந்தக் காலத்து மனுஷர் கோடு போட்ட ஃபுல்ஸ்கேப்பில் அல்லவா எழுதியிருப்பார்? பழுப்பு ஏற, டீத்தூள் தண்ணீரில் முக்கி எடுத்திருக்கிறீர்கள். மடிப்பில் கறை சரியாகப் பிடிக்கவில்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாதோ என்ற சந்தேகம் எனக்கு அங்கேதான் வந்தது.

அத்தைக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. "பாட்டு போட்டுட்டான், முடிஞ்சிடுச்சு," என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "கடுதாசின்னா படிச்சுக் காட்ட மாட்டாங்களா?"

அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. கண் நன்றாக இருந்த காலத்திலும் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா குவைத்தில் இருந்த வருடங்களில் வந்த கடிதத்தையெல்லாம் உப்பலவாடியில் வீட்டு வாசலில் நின்று தபால்காரர்தான் படித்துக் காட்டுவாராம். சுற்றி நாலு பேர் நிற்பார்களாம். "அன்புள்ள" என்று அவர் ஆரம்பித்ததும் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாராம். அவர் அறிந்தவரை கடிதம் என்றால் யாராவது சத்தமாகப் படிப்பது. அடுத்தவர் காத்திருக்கும்போது தனக்குள்ளேயே படித்துவிட்டு மடித்துச் செருகிக்கொள்வது அவருக்கு மரியாதைக்குறைவாகப் பட்டது. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

நானே ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்ன ஆள்தான் நான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது உங்களுக்கு நினைவிருக்கும், செய்தியில் காட்டினீர்கள். புயல் போனது என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கத்து ஊர்களையெல்லாம் மூழ்கடித்தது. அத்தையைத் தூக்கிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் நாத்தனார் வீட்டு மாடிக்குப் போனோம். கரண்ட் இல்லை, கேபிள் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. இருட்டில் அத்தை கேட்டார்: "மணி ஏழரை ஆச்சா?" ஆச்சு என்றேன். நாலு நாள் நானே கதை விட்டேன். மூத்தவளை ஆஸ்பத்திரியிலிருந்து தப்பவைத்தேன், போலீசில் புகார் கொடுக்கவைத்தேன், சின்ன மருமகள் கன்னத்தில் ஒன்று விடவும் வைத்தேன். நாத்தனார் பிள்ளைகள், கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். ஐந்தாம் நாள் கரண்ட் வந்து டிவியைப் போட்டால், மூத்தவள் அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நாலு நாளில் ஒரு அடி நகரவில்லை நீங்கள்! அத்தைக்கு விஷயம் புரிந்துவிட்டது. திட்டவில்லை. "உன் கதையே தேவலாம்," என்றார்.

அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கடிதத்தையும் சொல்லிப் பார்த்தேன். தொடர் முடிந்த மறுநாள் காலை தலை வாரிவிடும்போது, கடையில் ஒருத்தர் சொன்னார் என்று பொய் சொல்லி, பெரியவர் மூத்தவளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தாராம் என்றேன். அத்தை உடனே பிடித்துவிட்டார். "இது நீ எழுதினது. அவரு எழுதினது என்னா?"

அதைத்தான் கேட்கிறேன். அவர் எழுதியது என்ன?

முதலில் முறைப்படிதான் போனேன். 2021இல் வந்த விதிப்படி சேனலுக்குப் புகார் அனுப்பினால் 24 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 15 நாளில் பதில் தர வேண்டும். மனு அடிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா? அனுப்பினேன். கிடைத்தது என்று மறுநாளே சொன்னீர்கள். சரியாகப் பதினைந்தாம் நாள் பதிலும் வந்தது. காலக்கெடுவை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை, மனதாரப் பாராட்டுகிறேன். ஒளிபரப்பில் நிகழ்ச்சி நெறிமுறைகளுக்கு மாறாக எதுவும் இல்லை, மேலான ஆதரவுக்கு நன்றி, இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கவும் என்று அதில் இருந்தது. நான் கேட்டது நெறிமுறையையா? கடிதத்தில் என்ன இருந்தது என்றுதானே கேட்டேன்! வாய்க்கால் ஆக்கிரமிப்புக்கு மனு கொடுத்தவருக்கு, தங்கள் மனு வாய்க்கால் தொடர்பானது என்று பதில் வந்த கதையாக இருக்கிறது.

காத்திருக்கச் சொல்கிறீர்கள். சித்தி முதல் தொடர் 2001இல் முடிந்தது, சித்தி 2 வந்தது 2020இல். வந்ததும் வேறு கதை. அத்தைக்கு 74 என்று மேலே சொல்லியிருக்கிறேன், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் பேச வரவில்லை. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மனு அடித்து அடித்து 2016ஆம் ஆண்டுச் சட்டம் எனக்குப் பாதி மனப்பாடம். டிவி மாதிரியான ஊடகத்தில் திரையில் நடப்பதைக் குரலில் விவரித்துச் சொல்ல வழி செய்ய வேண்டும் என்று அதில் 42ஆம் பிரிவில் இருக்கிறது. அதையெல்லாம் நான் கேட்கவில்லை, விவரிக்க நான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தால்தானே விவரிப்பேன்?

விளம்பரக்காரர்களைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம் என்று விதி. அன்றைக்கு எவ்வளவு போனது என்று நான் எண்ணவில்லை, ஆனால் ஒரு இடைவேளையில் சாதம் வடித்து ரசம் தாளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதை விடுங்கள். அந்த விளம்பரம் ஒன்றுகூட அத்தைக்குப் புரியாமல் போனதில்லை. சோப்புக்காரர் சோப்பின் பெயரை மூணு தடவை வாய்விட்டுச் சொல்கிறார். நகைக்கடைக்காரர் பாட்டாகவே பாடிவிடுகிறார். மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு சந்தை அபாயத்துக்கு உட்பட்டது என்று மூச்சுவிடாமல் ஒருவர் படிக்கிறார், அத்தை கூடவே படிக்கிறார். காசு கொடுத்தவன் சொல்ல வந்ததை ஒரு சொல் விடாமல் உங்கள் சேனல் அவர் காதில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நாலு வருடம் உட்கார்ந்து கேட்டவருக்குச் சேர வேண்டிய நாலு பக்கத்துக்குத்தான் வயலின்.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொடர்களைக் குறை சொல்வதென்றால் எவ்வளவோ இருக்கிறது. செத்தவர் மூணு தடவை திரும்பி வந்தார், கேட்டேனா? கல்யாண மண்டபத்தில் நாற்பது எபிசோடு தாலி கட்டாமலே நின்றார்கள், முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? ராத்திரி தூங்கும்போதும் காசுமாலை போட்டுக்கொண்டு படுக்கும் குடும்பத்துக்குக் கடன் எப்படி வந்தது என்றுகூடக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் அத்தையிடம் நம்பும்படி எடுத்துச் சொன்னவள் நான். இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் என்னிடம் சரக்கு இல்லை.

ஆகவே ஐயா, அம்மா, தயவு கூர்ந்து கடிதத்தில் இருந்ததைத் தெரியப்படுத்த வேண்டும். இரண்டாம் பாகத்தின் ரகசியம் அதில்தான் இருக்கிறது என்றால் எங்களுக்கு மட்டும் சொல்லுங்கள், வெளியே விடமாட்டோம். அத்தை வீட்டுவாசலைத் தாண்டிப் போவதில்லை. நான் அடுத்தவர் மனுவில் இருப்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒருவேளை அது நான் சந்தேகப்பட்டபடி வெறும் தாள்தான் என்றால், கதை வசனம் எழுதியவர் பத்து நிமிடம் உட்கார்ந்து இப்போதாவது எழுதிவிடலாம். பெரியவர் எப்படிப் பேசுவார் என்று அவருக்குத் தெரியும். எனக்கு அது வரவில்லை, அத்தை கண்டுபிடித்துவிடுகிறார்.

பதிலைத் தாளில் அனுப்ப வேண்டாம், குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். முடிந்தால் பெரியவராக நடித்தவரே படிக்கட்டும். "அன்புள்ள" என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஏழரை மணிக்கு முன்னால் வந்தால் நல்லது. அந்த நேரத்தில் உங்கள் புதுத் தொடர் ஆரம்பித்துவிட்டது, அத்தை முறத்தோடு உட்கார்ந்துவிடுவார். அதிலும் முதல் வாரமே ஒரு பூட்டிய பெட்டி வந்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
ஒரு மருமகள், கடலூர்.