சாய்ஸ் ஃபில்லிங் நாளிலும் பிள்ளைகளோடு இருங்கள்: பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பள்ளிகளில் பிளஸ் டூ வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வுக்குப் பிள்ளைகளை விண்ணப்பிக்க வைக்க நீங்கள் எவ்வளவு மெனக்கெடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று ஒவ்வொன்றையும் விரட்டி விரட்டி வாங்க வைத்து, பதிவேற்றி முடிக்கிறவரை கூடவே நிற்கிறீர்கள். நான் கேட்பது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. தரவரிசை வந்து, சுற்று தொடங்கி, வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசைப்படி பதிவு செய்கிற சாய்ஸ் ஃபில்லிங்குக்குக் கொடுக்கிற அந்தச் சில நாட்களில் பிள்ளைக்குப் பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை, கேட்க ஆளில்லாமல் தனியாக நிற்கிறது.

வருஷா வருஷம் பார்க்கிறேன். நல்ல கட் ஆஃப் மதிப்பெண் வைத்திருக்கிற பெண் பிரவுசிங் சென்டரில் போய் உட்காருவாள், பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள், கடைக்காரர் "சீக்கிரம் சொல்லும்மா" என்பார், அவள் கேள்விப்பட்ட ஏழெட்டுக் கல்லூரிகளைச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவாள். விண்ணப்பத்தில் இருக்கிற செல்போன் எண்கூடச் சில நேரம் கடைக்காரருடையதுதான். ஒதுக்கீடு வந்த தகவல் அவருக்குப் போகும், உறுதி செய்ய வேண்டிய கெடு முடிந்த பிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் பயத்தால் வருகிறது. பெரிய கல்லூரியை முதலில் போட்டால் கிடைக்கிற இடமும் போய்விடும் என்று பிள்ளைகளும் பெற்றோரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை என்பதை நீங்கள் ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்ட வேண்டும். ஒரு மாணவியின் ரேங்க் வரும்போது கணினி அவள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதல் விருப்பத்தில் இடமில்லையா, இரண்டாவது. அதிலும் இல்லையா, மூன்றாவது. முதல் 20 விருப்பமும் எட்டாதவையாக இருந்தாலும் 21-வதில் இடம் இருந்தால் அது அவளுக்குத்தான், மேலே ஆசைப்பட்டதற்காக எதுவும் குறையாது. ஆனால் பயந்துபோய்ச் சுமாரான கல்லூரியை முதலில் போட்டால், அங்கே இடம் இருக்கும்போது கணினி அதோடு நின்றுவிடும், கீழே போட்ட நல்ல கல்லூரியை எட்டிக்கூடப் பார்க்காது. அப்புறம் 'அப்வேர்ட்' (கிடைத்ததைவிட மேலான விருப்பத்துக்கு மாறக் காத்திருப்பது) கொடுத்தும் பயனில்லை, ஏனென்றால் பட்டியலில் மேலே இருப்பதற்குத்தான் நகர முடியும்.

எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம் என்பதும் பல வீடுகளுக்குத் தெரியாது. பட்டியல் சின்னதாக இருந்து ஒன்றும் கிடைக்காமல் போனால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும், அதற்குள் நல்ல இடங்கள் தீர்ந்திருக்கும்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, படிப்புக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. இதை நீங்கள் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் பொதுப் பிரிவில் போன வருஷம் கடைசியாக இடம் கிடைத்த கட் ஆஃபைப் பார்த்து மிரண்டு, "அங்கெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கும்" என்று தனக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரியைப் பிள்ளை தானே அடித்துவிடுகிறது. அந்த இடத்தில் அதட்டிச் சொல்ல ஒரு ஆசிரியர் வேண்டும். பெற்றோர் சொன்னால் பயம் போகாது, அவர்களுக்கும் அதே பயம்தான்.

கலந்தாய்வு நடக்கும்போது பள்ளி திறந்திருக்கும். பள்ளிக் கணினி அறையான ஹைடெக் லேபை அந்த நாட்களில் மாலையில் இரண்டு மணி நேரம் போன பேட்ச் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முதலில் ஒரு தாளில் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் பாடப்பிரிவையும் வரிசையாக எழுத வையுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் வேறு வேறு ஊர்களில் கல்லூரிகள் இருப்பதால் எண்ணையும் ஊரையும் சேர்த்துச் சரிபாருங்கள். பட்டியலை லாக் செய்வதற்கு, அதாவது இறுதி செய்வதற்கு முன் "இதில் முதலாவது கிடைத்தால் சந்தோஷமா, அதற்கு அடுத்தது உனக்கு அதைவிடப் பிடித்ததா?" என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். முக்கால்வாசித் தப்பு அப்போதே மாட்டிக்கொள்ளும்.

அவர்கள் பெயர் இப்போது உங்கள் வருகைப் பதிவேட்டில் இல்லை, அதனால் தானாக வர மாட்டார்கள், தயங்குவார்கள். நீங்களே போன் போட்டுக் கூப்பிடுங்கள்.