இவ்வளவு இரும்பு எதற்கு?

வியன்னா
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதம் கார்த்திகையிலேயே கைக்கு வந்துவிட்டது. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. போனில் நீங்கள் "எல்லாம் சரிதான்" என்பீர்கள், நானும் அதையே சொல்வேன், அதற்குள் அம்மா போனை வாங்கிவிடுவாள். கடிதத்தில்தான் உருப்படியாக ஏதாவது கேட்கிறீர்கள்.

நான் வேலை செய்கிற பியானோ பட்டறையின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு வாத்தியத்துக்கு இவ்வளவு இரும்பு எதற்கு? நாதம் செத்துப்போகாதா?" என்று எழுதியிருந்தீர்கள். கேள்வி சின்னது, பதில் நீளம். இந்த ஊர் சங்கீதம் ரொமான்டிக் காலத்தில், அதாவது 1800க்குப் பிறகு நூறு வருஷத்தில், மாறிய மாற்றம் பூராவும் அந்த இரும்புக்குப் பின்னால் நிற்கிறது.

மொஸார்ட் வாசித்த பியானோ சால்ஸ்பர்க்கில் இருக்கிறது. ஆன்டன் வால்ட்டர் என்பவர் 1782 வாக்கில் வியன்னாவில் செய்தது. விரலால் அழுத்துகிற கட்டை 61, ஐந்து ஸ்தாயி, எடை ஏறத்தாழ 85 கிலோ. அண்ணனும் நானும் தூக்கினால் மாடிக்குக் கொண்டுபோய்விடலாம். இரும்புச் சட்டம் கிடையாது, மரப்பெட்டியே தந்திகளின் இழுப்பைத் தாங்குகிறது. சுத்தியல் சின்னது, மேலே தோல் ஒட்டியிருக்கும். இன்றைக்குக் கச்சேரி மேடையில் நிற்கிற பியானோவுக்கு 88 கட்டை, கிட்டத்தட்ட 230 தந்தி, ஐந்நூறு கிலோ எடை. எல்லாத் தந்தியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 20 டன்னுக்குப் பக்கம். இரண்டு லாரி நெல் மூட்டை ஒரு சட்டத்தில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. மொஸார்ட் காலத்தில் அரண்மனைக் கூடத்தில் ஐம்பது, அறுபது பேர் கேட்டார்கள். பிறகு டிக்கெட் வாங்கிய ஜனம் வந்தது, மண்டபம் பெரிதாயிற்று. 1870இல் திறந்த இங்குள்ள முசிக்ஃபெரைன் மண்டபத்தில் உட்காருகிற இடம் மட்டும் 1744. நம் பக்கம் ஜமீன் கூடத்தில் பாடியவர்கள் சபாவுக்கு வந்த மாதிரிதான். நமக்கு மைக் வந்து காப்பாற்றியது (காப்பாற்றியதா என்று நீங்கள் கேட்பீர்கள், வீணையில் மைக்கை ஒட்டுகிறவர்களை நீங்கள் திட்டுவது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது). இவர்களுக்கு அப்போது மைக் இல்லை. கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் வாத்தியமே பெரிதாக வேண்டும்.

அதில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும், வீணை செய்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். சத்தம் வேண்டுமென்றால் சுத்தியலைக் கனமாக்க வேண்டும். கனமான சுத்தியல் விழுந்தால் மெல்லிய தந்தி அறுந்துபோகும். தடித்த தந்தி போட்டால் அதே சுருதிக்கு இழுப்பு கூடும். இழுப்பு கூடினால் மரப்பெட்டி மெல்ல மெல்ல முறுக்கிக்கொள்ளும், தந்தியை முறுக்கும் பிருடைகள் நிற்கிற பலகையில் வெடிப்பு விழும். ஆகவே இரும்பு. பாஸ்டனில் அல்ஃபியஸ் பாப்காக் என்பவர் 1825இல் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்து உரிமம் வாங்கினார். மறு வருஷம் பாரிஸில் பாப் என்பவர் சுத்தியலில் தோலுக்குப் பதில் கம்பளிப் பட்டை சுற்றினார். 1859இல் நியூயார்க்கில் ஸ்டைன்வே கம்பெனியார், பெரிய பியானோவில் மந்தர ஸ்தாயித் தந்திகளை மற்றவற்றின் மேலே குறுக்காக ஓடவிட்டார்கள். அதனால் நீளத் தந்திக்கு இடம் கிடைத்தது, தந்திகளைத் தாங்கும் குதிரை நாதப்பலகையின் நடுப்பக்கம் வந்தது. குதிரை நடுவில் உட்கார்ந்தால் பலகை எப்படிப் பேசும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வியன்னாக்காரர்கள் மட்டும் ரொம்ப நாள் இரும்புக்கு மசியவில்லை. இங்கே கான்ராட் கிராஃப் என்று ஒரு பெரிய வேலைக்காரர் இருந்தார். பேத்தோவனுக்குக் காது போன பிறகு, ஒரு கட்டைக்கு நாலு தந்தி போட்டு ஒரு பியானோ செய்து கொடுத்தவர். சுத்தியலில் தோலை அடுக்கடுக்காக ஒட்டுவார். ஆறரை ஸ்தாயி வரை நீட்டியும் பெட்டி மரம்தான். அவர் காலத்து வாத்தியம் ஒன்று இப்போது எங்கள் மேஜைமேல் இருக்கிறது. முன்னால் யாரோ அதில் இந்தக் காலத்து எஃகுத் தந்தியைப் போட்டு, இந்தக் காலத்துச் சுருதிக்கு ஏற்றிவிட்டார்கள். பெட்டி முறுக்கி, முன்பக்க மூலை ஒரு விரல்கடை தூக்கிவிட்டது. அந்தத் தந்திகளை இறக்குவதே பெரிய வேலை. ஒரு கோடியிலிருந்து வரிசையாக இறக்கக்கூடாது. இறக்கினால் இழுப்பு ஒரே பக்கம் நின்று பலகை பிளக்கும். மந்தரத்தில் நாலு, உச்சத்தில் நாலு, நடுவில் நாலு என்று கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்த வேண்டும். பிறகு பழைய மாதிரி மெல்லிய இரும்புக் கம்பி, மந்தரத்துக்குப் பித்தளைக் கம்பி. ஏற்றும்போதும் ஒரே நாளில் சுருதிக்குக் கொண்டுவரக்கூடாது. பல தடவையாக, நடுநடுவே நாள் விட்டு ஏற்ற வேண்டும். இன்றைய சுருதி விநாடிக்கு 440 அதிர்வுக்கு மேல். இதை 430இலேயே நிறுத்திவிடுவோம்.

நாதம் செத்துப்போகாதா என்று கேட்டீர்களே. சாகவில்லை, ஆனால் ஒன்று போய்விட்டது. பழைய மரப் பியானோவில் மந்தரம் ஒரு குரல், நடு ஸ்தாயி ஒரு குரல், உச்சம் ஒரு குரல். வீணையில் கீழ்த் தந்தி அனுமந்தரமும் மேல் தந்தி சாரணியும் ஒரே மாதிரி பேசுமா? இரும்புப் பியானோவில் கீழிருந்து மேல்வரை ஒரே குரல். எனக்குப் பழையதுதான் பிடித்திருக்கிறது, இதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை.

கிடைத்தது என்னவென்றால் கார்வை. மொஸார்ட்டின் வாத்தியத்தில் அடித்த ஸ்வரம் சட்டென்று தேய்ந்துவிடும். அதனால் அந்தக் காலத்து இசையில் விரல் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும், நீள ஸ்வரத்தின் மேல் அசைவு போட்டு நிரப்புவார்கள். தந்தி தடித்து, பலகை பெரிதானபின் ஸ்வரம் நின்றது. நின்றதும் பியானோவைப் பாடவைக்கலாம் என்று ஆயிற்று. ஷோப்பான் 1832இல் வெளியிட்ட ஈ ஃப்ளாட் நாக்டர்னை (இரவுப் பாட்டு மாதிரி ஒரு பியானோ உருப்படி) செல்விக்கு அனுப்பியிருக்கிறேன், அவள் போனில் கேளுங்கள். இடது கை மந்தரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு வெகு தூரம் தாவி மேலே இரண்டு கொத்து வாசிக்கும். கையை எடுத்தும் மந்தரம் ஒலித்துக்கொண்டிருக்கும், கால் பெடலை மிதித்திருப்பதால். அதன் மேல் வலது கை பாட்டு. பெடல் இல்லாவிட்டால் அந்த உருப்படியே இல்லை.

பெடலில் வம்பும் உண்டு. பேத்தோவனின் "மூன்லைட்" சொனாட்டா 1801இல் எழுதியது. முதல் பகுதி பூராவும் தந்தியின் ஒலியை அடக்கும் பட்டைகளை (பெடல் தூக்குவது இவற்றைத்தான்) தூக்கியே வைத்து வாசி என்று எழுதிவைத்திருக்கிறார். அவருடைய பியானோவில் பழைய ஸ்வரம் தானே தேய்ந்துவிடும், சரியாக இருந்தது. இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் நாலு ராகத்தை ஒன்றாகக் கொட்டிய மாதிரி குழம்பும். ஆகவே அவர் எழுதியபடி வாசித்தால் அவர் கேட்டது வராது. வித்வான்கள் பெடலைப் பாதி மிதித்தும், இசைவு மாறுகிற இடத்தில் மாற்றி மிதித்தும் சமாளிக்கிறார்கள்.

அண்ணன் கேட்டிருந்தான், இதில் மனோதர்மம் உண்டா என்று. இருந்தது. மொஸார்ட் காலத்தில், பியானோவும் வாத்தியக்குழுவும் சேர்ந்து வாசிக்கிற கான்செர்ட்டோ என்ற உருப்படியில் ஓரிடத்தில் வாத்தியக்குழு முழுவதும் நின்றுவிடும். பியானோக்காரர் தன் கற்பனையில் வாசித்து முடித்து, எடுப்புக்கு வந்த மாதிரி குறிப்புக் கொடுத்ததும் குழு சேர்ந்துகொள்ளும். பேத்தோவன் 1809இல் எழுதிய ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவில் அந்த இடத்தில், இங்கே உன் கற்பனை வேண்டாம், எழுதியிருப்பதை வாசி என்று போட்டுவிட்டார். அதன்பின் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் எழுதியே கொடுக்கும் வழக்கமாயிற்று. லிஸ்ட் என்ற பியானோ வித்வான் போன்ற ஒருசிலர் மேடையிலேயே கற்பனை பண்ணினார்கள், 1838இல் ஹங்கேரி வெள்ள நிவாரணத்துக்காக லிஸ்ட் இந்த ஊரில் வாசித்து அசத்தினார். ஆனாலும் வழக்கம் தேய்ந்தது தேய்ந்ததுதான். நமக்கு இது நஷ்டமாகத்தான் படும். இன்னொன்றும் உங்களுக்கு: பேத்தோவன் போன 1827ஆம் வருஷம்தான் நம் சியாமா சாஸ்திரிகளும் போனார். இரண்டு பேருக்கும் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிந்திருக்காது.

கீழ்வீட்டுக் கிழவரைப் பற்றி அம்மா கேட்டாளாம். நல்லவர்தான், கொஞ்சம் கிறுக்கு. ஹார்ன் வாசித்து ஓய்வுபெற்றவர். பகல் பன்னிரண்டு அடித்ததும் சரியாக அரைமணி நேரம் ஊதுவார், பிறகு படிக்கட்டில் என் செருப்பு எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று பார்த்துத் திருப்பி வைப்பார். ஹார்ன் என்பது முன்னே நம் கோயில் எக்காளம் மாதிரி, துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. குழாயின் நீளம் கொடுக்கிற சில ஸ்வரம் மட்டும் வரும், இடையில் உள்ளதை, ஒலி வெளியே வருகிற அகன்ற முனைக்குள் கையைச் செருகி வளைத்து எடுப்பார்கள். சுருதி மாற வேண்டுமென்றால் குழாயில் ஒரு துண்டைக் கழற்றி வேறு துண்டை மாட்ட வேண்டும். அதற்கு நேரம் வேண்டுமே என்று எழுதுகிறவர் நாலு வரி ஓய்வு கொடுப்பார். 1814 வாக்கில் ஸ்டோல்ஸெல் என்ற ஜெர்மன்காரர் பொத்தானைக் கண்டுபிடித்தார். அமுக்கினால் குழாய் நீளும், எல்லா ஸ்வரமும் வரும். அதன்பின்தான் வாக்னர் மாதிரி ஆட்கள் நினைத்த இடத்தில் சுருதி மாற்றி எழுத முடிந்தது. பிராம்ஸுக்கு மட்டும் பொத்தான் பிடிக்காது. 1865இல் ஒரு மூவர் உருப்படி எழுதி, பழைய ஹார்னில்தான் வாசிக்க வேண்டும் என்றார்.

இந்த ஊர் ஹார்ன் இன்னும் 1830இல் வந்த பொத்தான் வகையைத்தான் வைத்திருக்கிறது. குழாயை நீட்டினால் பன்னிரண்டு அடி. மேல் ஸ்தாயியில் ஸ்வரங்கள் நெருக்கி நெருக்கி நிற்கும், உதடு மயிரிழை தப்பினால் பக்கத்து ஸ்வரம் பிளிறும். அதற்கு இங்கே கீக்ஸர் என்று பெயர். மற்ற ஊர்க்காரர்கள் குட்டைக் குழாயையும் சேர்த்து வைத்துத் தப்பிக்கிறார்கள். எங்கள் கிழவர் தினமும் ஒரு கீக்ஸராவது விடுவார், விட்டதும் தனக்குத்தானே மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் ஊதாவிட்டால் எனக்கு வீடு என்னவோ போல இருக்கிறது.

குளிர் பழகிவிட்டது. ரேடியேட்டர் ஓடுவதால் அறைக்காற்று காய்ந்துபோகிறது, பலகைக்கு 45, 50 சதவீதம் ஈரம் வேண்டும், இங்கே தை மாதத்தில் 30க்கும் கீழே இறங்கும். எல்லாப் பியானோவும் சுருதி இறங்கி நிற்கும், பிருடை நழுவும். பட்டறையில் தண்ணீர்ப் பாத்திரம் வைத்திருக்கிறோம். என் அறையில் ரேடியேட்டரைக் குறைத்தே வைத்துக்கொள்கிறேன், மரத்துக்கு நல்லது. கோட்டு வாங்கினாயா என்று அம்மா கேட்டாள், பழையதே கதகதப்பாக இருக்கிறது என்று சொல்லுங்கள். புளி, பெருங்காயம் எல்லாம் நாஷ்மார்க்ட் சந்தையில் கிடைக்கிறது. முருங்கைக்காயும் கிடைக்கிறது, விலையை மட்டும் கேட்காதீர்கள். பொங்கலன்று பால் பொங்கியது, குக்கரில்தான். பட்டறையில் எல்லோருக்கும் கொடுத்தேன், இனிப்புச் சோறு என்று ஆச்சரியப்பட்டார்கள்.

போன வாரம் ஒரு பெட்டியின் அடியில் மெழுகு உருக்கி ஒட்ட வேண்டியிருந்தது. அடுப்பில் வைத்ததும் அந்த வாசனை வந்தது, அப்பா. நீங்கள் மேளம் கட்டுகிற நாளில், வீணையில் மெழுகு வைத்து மெட்டுகளைப் பதிக்கிற நாளில், தெற்கு வீதி முழுக்க வருமே, அதே வாசனை. சாரணியை மீட்டிவிட்டு மெட்டை ஒரு நூல் நகர்த்திவிட்டுத் தலையை ஆட்டுவீர்களே. மெழுகு தீய்ந்துபோய்விட்டது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை.

அது இருக்கட்டும். பண்ருட்டி மரத்துக்கு அண்ணன் முன்பணம் கொடுத்துவிட்டானா? ரசீது வாங்கச் சொல்லுங்கள். போன தடவை மாதிரி பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிடப்போகிறார்கள், வீணைக் குடம் தோண்டினபின் வெடித்தால் யார் பொறுப்பு? அம்மா கண் ஆபரேஷனை மாசிக்குத் தள்ள வேண்டாம், வெயில் வருமுன் முடித்துவிடுங்கள். செல்விக்கு வந்த ஜாதகம் பற்றி மாமா எழுதியிருந்தார். பையன் நல்லவனாக இருக்கலாம், ஆனால் அவர்கள் வீட்டில் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று விசாரியுங்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கொல்லைப் பத்திரத்தில் சித்தப்பா கையெழுத்து இல்லாமல் எதுவும் செய்ய வேண்டாம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உங்கள் அன்பு மகன்,
குமரன்

பி.கு.: இந்த மாதப் பணம் பத்து நாள் தாமதமாக வரும். பட்டறையில் வருஷக் கணக்கு முடிக்கிற காலம், வேறொன்றுமில்லை. மரக்காரருக்கு நாள் சொல்லும்போது அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.