டர்பனிலிருந்து: ஸ்பிட்ஃபயரும் நம் ஹெரால்டும்

சாட்ஸ்வர்த், டர்பன்
ஜூலை மாதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஷெட்டில் கிடக்கிற ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை எடைக்குப் போடுவதா, பழுது பார்த்து எழுப்புவதா என்று கேட்டிருந்தீர்கள். இங்குள்ளவர்கள் சனி, ஞாயிறு என்ன செய்வார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான்: பழைய வண்டி எழுப்புகிறார்கள், நீங்களும் எழுப்பலாம்.

சாட்ஸ்வர்த் என்பது 1960களில், இனவாரியாக இடம் பிரித்த சட்டத்தின்கீழ், நகரத்துக்குள் இருந்த இந்தியர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய பகுதி. ஒட்டுச்சுவர் வீடுகள், பின்னால் கொஞ்சம் காலி இடம். ஒரு வீட்டில் கறிவேப்பிலை மரம் நிற்கும், அடுத்த வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய கார் நிற்கும். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு மதராஸிலிருந்து கப்பலேறியவர்களின் வம்சம் இவர்கள். தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. தைப்பூசக் காவடி போகவில்லை, பட்டறைக் கைவேலையும் போகவில்லை.

இங்கே பிரியமாக எழுப்பப்படும் வண்டிகளில் ஒன்று டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962 முதல் 1980 வரை வந்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். பார்க்க நம் வண்டிக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றும். ஆனால் முன் சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் இன்ஜின் வம்சமும் ஹெரால்டிலிருந்து வந்தவை. நம்முடையது 948 சிசி, இவை 1147, 1296, 1493. அதனால் இங்கே இதற்குச் சொல்லும் புத்திமதியில் முக்கால்வாசி உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் இன்ஜினைத் தொடாதீர்கள். முன் சக்கரங்களைக் கழற்றி, கீழே இருக்கும் பித்தளை ட்ரனியனைப் பாருங்கள், உள்ளே மரை வெட்டிய தாங்கி அது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க்கின் அடிமுனை மரை ட்ரனியனுக்குள் சுழல்வதால்தான் ஸ்டீயரிங் திரும்புகிறது. இதற்குக் கிரீஸ் போடக் கூடாது, இபி 90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் காய்ந்து மரைக்குள் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே நின்று இரும்பு லிங்க்கை அரிக்கும். பிறகு ஒருநாள் வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது லிங்க் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். மெதுவாகப் போகும்போது முறிந்தால் அதிர்ஷ்டம்.

ட்ரனியனில் ஒரு பிளக் இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் மாட்டி, கன்னில் ஆயில் நிரப்பி, மேலே கசியும் வரை அடியுங்கள். 6,000 மைலுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்பது பழைய கணக்கு. வருஷத்துக்கு இரண்டு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வண்டி பல வருஷம் நின்றது, ஆயில் அடித்து மட்டும் ஓட்டாதீர்கள். ட்ரனியனைக் கழற்றி லிங்க்கின் மரையைப் பாருங்கள். மரையிலோ அதற்குச் சற்று மேலேயோ குழி விழுந்திருந்தால் லிங்க்கைத் தூக்கி எறியுங்கள். வெல்டிங் வைத்து நிரப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு வலது மரை, மறுபக்கத்துக்கு இடது மரை. பட்டறைப் பையன் மாற்றிப் போட்டுவிடப் போகிறான். திருப்பிப் போடும்போது முடிவு வரை முறுக்கிவிட்டு, நேர்ப்படுத்த ஒரு சுற்றுக்குள் மட்டும் பின்வாங்க வேண்டும். ரப்பர் புஷ் போல்ட்களை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அடுத்தது துரு. டர்பன் கடலோரம், காற்றிலேயே உப்பு. ஸ்பிட்ஃபயரில் சேஸிஸ் நடுமுதுகெலும்பு மட்டும்தான், பக்கவாட்டில் தாங்குவது கதவுக்கு அடியில் ஓடும் பாடியின் சில் பெட்டி. அதற்கு உள் தகடு, நடுத் தகடு, வெளித் தகடு என்று மூன்று. வெளித் தகட்டை மட்டும் மாற்றி பட்டி பூசி விற்றிருப்பார்கள், அதனால் காந்தத்தை வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வெட்டுமுன் கதவுக் கட்டத்தில் கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் நடுவே 25 மிமீ சதுரக் குழாயை போல்ட் போட்டு நிறுத்தி, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் வெட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்து வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்து கதவு பிறகு மூடாது. வெல்டிங்குக்கு மிக் மெஷின், 0.6 மிமீ கம்பி, ஆர்கான் கலந்த வாயு. நீளமாக ஓட்டினால் தகடு நெளியும். இங்கே கொஞ்சம், எதிர்முனையில் கொஞ்சம் என்று ஆற விட்டு ஆற விட்டு வைக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் ஆறுவதற்கு நேரம் தானாகக் கிடைக்கிறது! முடிந்ததும் உள்ளே மெழுகு அடிக்கிறார்கள். அடியில் உள்ள வடிகால் ஓட்டையை அடைக்கக் கூடாது. ஹெரால்டில் பக்கக் கட்டைகளும் சேஸிஸிலேயே இருப்பதால், நீங்கள் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டியது அங்கே.

பெயிண்டுக்கு இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் நல்ல காலம். நமக்குத் தலைகீழ், இது குளிர்காலம், மழை குறைவு. டிசம்பர் ஈரத்தில் அடித்தால் மேல்பூச்சு வெளுத்துப் பனி படர்ந்ததுபோல் நிற்கும். தகட்டைத் தேய்த்த அன்றே பிரைமர் அடிக்க வேண்டும், இரவு தங்கவிட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

இன்ஜினுக்கு இப்போது வருகிறேன். இந்த வம்சத்தின் நோய், கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னே தள்ளப்படும். அதைத் தாங்குவது கடைசி மெயின் பேரிங்கில் இருக்கும் இரண்டு அரைவட்டங்கள். அவை தேய்ந்து கீழே சம்ப்பில், அதாவது ஆயில் தொட்டியில், விழுந்துவிட்டால் கிராங்க் பிளாக்கையே தின்றுவிடும், பிறகு பிளாக்தான் போகும். ஒருவரைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லி முன்புல்லியைப் பாருங்கள். கண்ணுக்கே அசைவு தெரிந்தால் டயல் கேஜ் வைத்து அளவெடுங்கள். 0.004 முதல் 0.008 அங்குலம் வரை சரி. இன்ஜினை இறக்க வேண்டாம், சம்ப்பையும் கடைசி பேரிங் மூடியையும் கழற்றினால் வாஷரைச் சுழற்றி உருவிவிடலாம். பள்ளக்கோடு உள்ள முகம் கிராங்க் பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரமே மறுபடியும் தேய்ந்த கதைதான்.

மாற்றங்கள் பற்றி: சிலிண்டர் ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் ஏற்றுவது, பெரிய கார்பரேட்டர் எல்லாம் இங்கே சிலர் செய்கிறார்கள். எனக்கு அவை வீண் செலவு. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது நல்லது; பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும், அதை முதலில் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கடினமான வளையமாக மாற்றலாம், ஹெட் கழன்றிருந்தால் மட்டும். இரட்டை எஸ்யூ கார்பரேட்டர் போடுபவர்களுக்கு இங்கே ஒரு தொல்லை: டர்பனில் சரி செய்த வண்டியை ஜோஹன்னஸ்பர்க்குக்கு ஓட்டினால் 1,700 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்து பெட்ரோல் மிகையாகிவிடும். கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பார்ப்பார்கள். இன்ஜின் வேகம் கூடி அந்த வேகத்திலேயே ஓடினால் மிகை, இன்ஜின் சாகப் பார்த்தால் குறைவு, சற்றுக் கூடித் திரும்பினால் சரி.

பின் சக்கரம் மட்டும் கவனம். இரண்டுமே ஸ்விங் ஆக்ஸில் வண்டி, ஒவ்வொரு பின் சக்கரமும் தன் அச்சோடு மேலும் கீழும் மடங்கும். வளைவில் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வெளிச்சக்கரம் உள்ளே மடியும். 1970-ல் ஸ்பிட்ஃபயருக்குப் வில் பட்டைகளைச் சுழல விடும் ஸ்பிரிங் போட்டுச் சரிசெய்தார்கள். அதைப் பழைய வண்டியில் ஏற்றினால் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முன் ஆன்டி-ரோல் பாரையும் தடிமனாக்க வேண்டும். உங்கள் ஹெரால்டை அதற்கெல்லாம் ஆட்படுத்தாதீர்கள், நீலகிரி இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு ஓட்டினால் போதும்.

கிராங்க் அசைவை அளந்து எழுதுங்கள். அளவைப் பார்த்து ஸ்டாண்டர்ட் வாஷரா, 0.005 அங்குலம் தடிமன் கூடிய ஓவர்சைஸா என்று சொல்கிறேன், இங்கேயே வாங்கி அனுப்புகிறேன். பழையதைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள், தடிமனை மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும்.

உங்கள் தம்பி