ஊட்டிவிடும் நேரமும் வேலை நேரம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்ட என் பெரியம்மா, கடைசி இரண்டு ஆண்டுகளை ஒரு முதியோர் இல்லத்தில் கழித்தார். குழைந்த சாதமும் ரசமும் மோரும் வேளை தவறாமல் கட்டிலுக்கே வந்தன. அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், தண்ணீர் டம்ளரை அவருடைய வலப்பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மதியம் நான் போகும்போது காலையில் வைத்த தண்ணீர் அப்படியே இருக்கும். பெரியம்மாவின் உதடு வறண்டு வெடித்திருக்கும். கேட்டால், "பாட்டி தண்ணியே கேக்கறதில்லைம்மா" என்பார் ஆயா. அவர் சொன்னது உண்மைதான். வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. மறதி நோய் கண்டவர்களுக்கோ தாகம் எடுத்தாலும் சொல்லத் தெரிவதில்லை. கேட்டால் கொடுப்போம் என்று காத்திருந்தால், இவர்கள் கேட்காமலேயே வாடிப்போவார்கள்.

ஊட்டுவதில் இருந்த அவசரம் இதைவிடக் கவலை தந்தது. சாய்ந்து படுத்திருப்பவரின் வாயில், முந்தைய கவளம் இறங்குவதற்குள் அடுத்த கவளம் போய்விடும். புரையேறினால் தலையில் தட்டுவார்கள். நீர்க்கக் கரைத்த கஞ்சிதான் விழுங்க எளிது என்று நானும் நம்பியிருந்தேன். விழுங்கும் திறன் குறைந்தவர்களுக்கு நீர்த்த பானம் சட்டென்று மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்பதும், சிலருக்கு இருமல்கூட வராமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும் என்பதும், பேச்சோடு விழுங்கும் சிக்கலுக்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் விளக்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. யாருக்கு எந்தப் பதத்தில் கொடுப்பது என்பதற்கு, 0 முதல் 7 வரை படிநிலை வகுத்த சர்வதேச அளவுகோலே இருக்கிறதாம். எந்தப் பதம் என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். நாமாகக் கெட்டியாக்கிவிடக் கூடாது.

அங்கே புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பெரியம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து, எதிரில் ஸ்டூல் போட்டு அமர்ந்து, "பாட்டி, இது ரசம் சாதம், வாயைத் திறங்க" என்று சொல்லி அரை ஸ்பூன் கொடுப்பார். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த ஸ்பூனை எடுப்பார். 40 நிமிடமானது, கிண்ணம் காலியானது. அதன் பிறகும் அரை மணி நேரம் படுக்க விடவில்லை. ஒருவருக்கே இத்தனை நேரமா என்று மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணைத்தான் கடிந்துகொண்டார். இன்றுவரை என் மனம் ஆறவில்லை. இருபது பேருக்கு இரண்டு ஆயாக்கள் என்றால், பொறுமையாக ஊட்டுகிறவர் வேலை தெரியாதவராகத்தானே தெரிவார்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, முதியோர் இல்லங்களில் இருக்க வேண்டிய தரத்தை வகுக்கும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்திருக்கிறது. தானாகச் சாப்பிட முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு ஊட்ட எத்தனை கைகள் என்ற கணக்கையும், குடித்த நீரின் அளவையும் மாத எடையையும் எழுதிவைப்பதையும் அந்தத் தரத்தில் கட்டாயமாக்க வேண்டும். ஊட்டும் முறையைப் பணியாளர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே கற்றுக்கொடுக்கலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் மதியச் சாப்பாட்டு வேளையில் வந்து, கடைசி நபர் சாப்பிட்டு முடிக்கும்வரை உடனிருந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.