‘காணாமல் போனவர்’ எப்படி ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ ஆனார்

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

இங்கு எல்லாரும் நலம். காலபோகம் வெட்டியாயிற்று. இரணைமடுவில் தண்ணீர் நிற்கிறது, சிறுபோகக் கூட்டம்தான் இன்னும் வைக்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இத்தனை தாய்மார் அழுதும் உலகத்துக்கு விளங்க ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டிருந்தாய். அந்த அழுகையைப் பதிவதற்குச் சட்டத்தில் ஒரு தலைப்பே இருக்கவில்லையடா. உடல் இல்லை, ஆகவே கொலை வழக்கு நிற்காது. பிடித்து வைத்திருப்பதாக எவரும் ஒத்துக்கொள்வதில்லை, ஆகவே கைதியும் இல்லை. ஆளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுப் போட்டால் “எங்களிடம் இல்லை” என்ற ஒரு வரிப் பதிலோடு சரி. 1977 ஏப்ரலில் ஆர்ஜென்டினாத் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தலைநகரின் மாயோ சதுக்கத்தில் கூடியபோதும் இதே கதைதான்.

1980இல் ஐ.நா. இதற்கென்று ஒரு செயற்குழுவை அமைத்தது. 1988இல் ஹொண்டுராஸ் வழக்கொன்றில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமைகள் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத்தான் நான் பெரிய திருப்பமாக நினைக்கிறேன்: நேரடிச் சாட்சி இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சான்று போதும், விசாரிக்காமல் விடுவதும் அரசின் மீறலே என்று அது சொன்னது. பிறகு ஆட்களைக் காணாமல் ஆக்குவதற்கு எதிராக 1992இல் ஐ.நா. பிரகடனம், 2006இல் நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமான சமவாயம். 20 நாடுகள் ஏற்புறுதி செய்து அது நடைமுறைக்கு வரும்போது 2010 டிசம்பர்.

கண்ணிவெடித் தடையை இதோடு வைத்துப் பார். 1992இல் பிரசாரம் தொடங்கி 1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தாகிவிட்டது. எல்லா நாடும் ஒத்துவர வேண்டும் என்ற மேசையை விட்டு வெளியே வந்து, விருப்பமான நாடுகளோடு எழுதினார்கள். போதாததற்கு, கால் போனவரைப் படம் பிடித்துக் காட்டலாம். இல்லாமல் போனவரை எதைக் காட்டி நிறுவுவது? அதிலும் குற்றம் சாட்டப்படுவது அரசு, ஒப்பமிட வேண்டியதும் அதே அரசு.

சமவாயத்தின் வரைவிலக்கணத்தில் மூன்று கூறுகள்: சுதந்திரம் பறிக்கப்பட்டிருக்க வேண்டும், செய்தது அரசின் ஆட்களாகவோ அதன் ஆதரவோ இணக்கமோ பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும், பிறகு அதை மறுக்கவோ, ஆளின் கதியை மறைக்கவோ வேண்டும். நாங்கள் ‘காணாமல் போனவர்’ என்பதை விட்டு ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்று சொல்லத் தொடங்கியது இதனால்தான். இவர்களைத் தேடவென்று இலங்கையில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த அலுவலகத்தின் தமிழ்ப் பெயரில் இன்னமும் ‘காணாமற்போன ஆட்கள்’ என்றுதான் கிடக்கிறது.

இங்கிருந்து ஐ.நா. செயற்குழுவுக்குப் போகும் விண்ணப்பங்கள் சறுக்குவதும் இதே இடத்தில்தான். “போரில் காணாமல் போனார்” என்று எழுதினால் முதல் கூறே விழுந்துவிடும். “வட்டுவாகலில் இராணுவத்திடம் ஒப்படைத்தோம்” என்றோ “ஓமந்தையில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள்” என்றோ, நடந்தது நடந்தபடி எழுத வேண்டும். முழுப்பெயர், திகதி (நாள் நினைவில்லாவிட்டால் மாதமும் ஆண்டுமாவது), இடம், கொண்டுபோனவர்கள் யார் என்று நம்புகிறார்கள், குடும்பம் எங்கெங்கே தேடியது, அனுப்புபவர் யார், குடும்பத்தின் சம்மதம் உண்டா: இவ்வளவும் இல்லாமல் செயற்குழு எடுக்காது. முதலெழுத்து ஒரு கடிதத்தில் ‘க’, இன்னொன்றில் ‘கு’ என்று இருந்தால் ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார்.

எங்கே அனுப்புகிறோம் என்பதிலும் பலர் பிழை விடுகிறார்கள். சமவாயத்தின் கீழுள்ள குழு, அந்நாட்டில் சமவாயம் நடைமுறைக்கு வந்த பிறகு தொடங்கிய சம்பவங்களை மட்டுமே பார்க்கும். இலங்கை ஏற்புறுதி செய்தது 2016 மே மாதம், ஆகவே போர் முடிந்த 2009இன் சம்பவங்கள் அதற்குள் வராது. அவை 1980ஆம் ஆண்டுச் செயற்குழுவுக்குத்தான் போக வேண்டும். அது குற்றவாளியைத் தீர்மானிக்காது. அரசிடம் கேட்கும்; ஆளுக்கு என்ன நடந்தது என்று தெளிவாகும்வரை பொதுவாகக் கோப்பை மூடாது.

செயற்குழுவில் பிரெஞ்சிலும் ஏற்றுக்கொள்வார்கள். தாய்மாரின் வாக்குமூலங்களை மொழிபெயர்க்க உனக்கு நேரம் கிடைக்குமா? ‘கையளித்தோம்’ என்று வரும் இடத்தில் ‘தொலைத்தோம்’ என்ற பொருள் வந்துவிடாமல் பார்த்துக்கொள். பெயர்களை அடையாள அட்டையில் உள்ள எழுத்திலேயே போடு.

பிள்ளைகளுக்கு அன்பைச் சொல்லு.

உன் மச்சான்