இலோரி தேவாலயம்: ஜெனீவா பேச்சுவார்த்தையின் இணைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா., ஓ.எஸ்.சி.இ. (ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு) சார்பில், 2008 ரஷ்ய-ஜார்ஜியப் போருக்குப் பின் தொடங்கிய ஜெனீவா சர்வதேசப் பேச்சுவார்த்தையை நடத்தும் இணைத் தலைவர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து ரஷ்ய ஆதரவில் தனியே இயங்கும் அப்காசியாவில், ஒச்சம்சிரே நகருக்கு அருகிலுள்ள இலோரி புனித ஜார்ஜ் தேவாலயத்தில் 2010 வாக்கில் நடந்த 'சீரமைப்பு' நீங்கள் அறியாததல்ல. 11ஆம் நூற்றாண்டுக் கட்டடம், குவிமாடமே இல்லாத ஒற்றைக் கூடம். அதன் தலையில் ரஷ்ய பாணி வெங்காயக் குவிமாடம் ஏறியது. சுவர்களுக்கு வெள்ளை பூசினார்கள். அந்த மண் யாருடையது என்ற வழக்குக்குள் நாங்கள் வரவில்லை. சுயேச்சையான நிபுணர் குழு ஒன்று உள்ளே போக வழி செய்யுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

குவிமாடம் கண்ணை உறுத்துகிறது. ஆனால் அதை என்றைக்காவது கழற்றிவிடலாம். எங்களுக்குப் பயம் பூச்சைப் பற்றித்தான். பழைய கல்சுவரில் தரையிலிருந்து ஏறும் ஈரமும் மழையீரமும் சுண்ணாம்புச் சாந்து வழியே வெளியேறும். மேலே சிமெண்டோ பிளாஸ்டிக் கலந்த பெயிண்டோ பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரம் உள்ளேயே தங்கும். அதில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, கல்லின் மேற்பரப்பை மாவு மாவாக உதிர்க்கும். பழைய ஜார்ஜியக் கல்வெட்டுகள் இருப்பது அந்த மேற்பரப்பில்தான். எழுத்து வெட்டின் ஆழத்துக்குக் கல் உதிர்ந்தால் எழுத்தும் போயிற்று. இலோரியில் பூசியது சுண்ணாம்பா சிமெண்டா? நகக்கண் அளவு சில்லு கிடைத்தால் ஆய்வகம் சொல்லிவிடும். அதை எடுக்க ஒருவர் உள்ளே போக வேண்டுமே!

அதே அப்காசியாவிலுள்ள பேதியா தேவாலயத்தில் ஆபத்து இன்னும் நுட்பமானது. ஜார்ஜிய மன்னர் மூன்றாம் பக்ராத் எழுப்பிய, 1014இல் அவரையே அடக்கம் செய்த தேவாலயம் அது. அங்குள்ள சுவரோவியங்கள் காரையின் மேல் தீட்டியவை. வெளிச்சுவரில் தவறான பூச்சு ஏறினால், ஈரம் உள்பக்கம் திரும்பி வண்ணத்தை உரிக்கும்.

ஜார்ஜியாவின் குத்தாயிசி நகரிலுள்ள பக்ராத்தி கதீட்ரலை மறுகட்டுமானத்தால் கெடுத்துவிட்டதாக 2017இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். அது ஜார்ஜிய அரசு தன் மண்ணில் தானே செய்த தவறு. தண்டனையும் கிடைத்தது. இலோரி அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே நீக்கப்படும் அபாயமும் இல்லை. கொடுத்து வைத்த தேவாலயம்! ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது பழங்கட்டடப் பாதுகாப்புக்கான 1964 வெனிஸ் சாசனம். போர்க்காலப் பண்பாட்டுச் சொத்துகளுக்கான 1954 ஹேக் உடன்படிக்கையில் ரஷ்யாவும் ஜார்ஜியாவும் இருக்கின்றன. காகிதத்துக்குக் குறைவேயில்லை.

வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள்க. நாங்கள் கேட்பது பெரிய படையல்ல: ஒரு கட்டடக் கலைஞர், கல்லும் சாந்தும் அறிந்த ஒருவர், சுவரோவியப் பாதுகாவலர் ஒருவர். ஏணி, ஈரமானி, பக்கவாட்டு வெளிச்சத்தில் கல்வெட்டுகளைப் படமெடுக்கக் கேமரா, விளக்கு. இவர்கள் பார்த்து அறிக்கை தரும்வரை இலோரி, பேதியா, அப்காசியாவின் இன்னொரு பழைய தேவாலயமான மோக்வி மூன்றிலும் சிமெண்ட், பெயிண்ட், புதுக்கூரை எதுவும் வேண்டாம். ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போட்டு மூடலாம், அதற்கு மேல் கைவைக்க வேண்டாம்.

மனிதநேய விவகாரங்களைப் பேசும் உங்கள் இரண்டாம் பணிக்குழுவின் அடுத்த சுற்றிலேயே இதை எடுத்துக்கொண்டு, நிபுணர் குழுவுக்கான அனுமதியைத் தேதியுடன் பெற்றுத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பாதுகாப்பில் ஈடுபட்டிருப்போர்